எரிந்த பிறகு சொன்னதை முதலே சொல்லியிருக்கலாம்

வீட்டுக் காப்புறுதி விற்கும் நிறுவனங்களுக்கும், அதை வாங்கச் சொல்லும் வங்கிகளுக்கும், இவர்களைக் கண்காணிக்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்கும்

வணக்கம்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அங்கேயே கலியாணம் முடித்து, 2018இல் வங்கிக் கடன் எடுத்து, அங்கேயே ஒரு பழைய மாடி வீட்டையும் வாங்கினோம். 2023 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்த வீட்டின் மேல்தட்டு முழுவதும் எரிந்துபோனது. யாருக்கும் காயமில்லை. செவ்வாய் என்றால் நாங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில்தான் இருப்போம். அன்றைக்கும் நான்கு பேரும் அங்கேதான் இருந்தோம்.

எந்த நிறுவனத்தின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்களுக்கு நடந்த பிறகு வத்தளையில், வெள்ளவத்தையில், எங்கள் ஒழுங்கையில் என்று தெரிந்தவர்களின் பொலிசிகளை வாங்கி வாசித்தேன். கம்பனிகள் வேறு வேறு. ஆனால் எல்லாவற்றிலும் அதே ஓட்டை இருந்தது: வீட்டைத் திரும்பக் கட்டும் செலவுக்குக் காப்புறுதித் தொகை போதாது. அதனால்தான் இதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுத் தம்பிதான் போன் எடுத்தார். "அக்கா, மேல புகை வருது, நான் 110க்கு அடிச்சிட்டேன், நீங்க வாங்க" என்றார். நாங்கள் வந்து சேரும்போது மாநகர சபையின் தீயணைப்புப் படை வந்துவிட்டிருந்தது. எங்கள் ஒழுங்கைக்குள் அந்த வண்டி நுழையாது. வீதியில் நிறுத்திவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். எங்கள் வரிசையில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றுதான், கூரை மரங்களும் ஒன்றையொன்று தொட்டபடி கிடக்கும். கீழ்த்தட்டும் இரண்டு பக்கத்து வீடுகளும் இன்றைக்கு நிற்கின்றன என்றால் அந்தப் பிள்ளைகளால்தான். மகளின் அறையில் மேசைக்குப் பின்னால் இருந்த மல்டிபிளக்கில் தொடங்கியிருக்கிறது என்று பிறகு அவர்களுடைய அறிக்கையில் வந்தது.

அடுத்த நாள் காலை உள்ளே போனோம். தீ போன பிறகு வீட்டில் மிஞ்சுவது சாம்பல்தான் என்று நான் நினைத்திருந்தேன். தண்ணீர்தான் கிடந்தது. கரி கலந்த கறுப்புத் தண்ணீர் பலகைத் தட்டின் இடுக்குகளால் இன்னும் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. எரியாத கீழறைக் கதவு ஊறி வீங்கிச் சாத்த முடியாமல் நின்றது. அலுமாரிக்குள் மடித்து வைத்த உடுப்புகளில் நெருப்பு படவில்லை, ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் கறுப்புக் கோடு. நான்கு தரம் தோய்த்தும் அந்த மணம் போகவில்லை. எங்கள் கலியாண அல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. தண்ணீரில் ஊறப்போட்டு மெதுவாகப் பிரித்தேன். அம்மா நிற்கும் படம் பிரிந்து வந்தது, முகம் மட்டும் மற்றத் தாளோடு போய்விட்டது.

அன்றைக்கே காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். "எதையும் தொட வேண்டாம், எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை அப்படியே வைத்திருங்கள்" என்றார்கள். சரி என்றேன். பிறகு பொலிசியை எடுத்து வாசித்தால், சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வது காப்புறுதி எடுத்தவரின் கடமை என்று எழுதியிருக்கிறது. மே மாதத்தில் கொழும்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூரை இல்லாத வீட்டின் மேல் மழை கொட்டுகிறது. படங்கு கட்டினால் தொட்டதாக ஆகுமா? கட்டாமல் விட்டால் கடமை தவறியதாக ஆகுமா? இதைக் கேட்பதற்கு மூன்று தரம் போன் எடுத்தேன், மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். கடைசியில் என் கணவரே ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுத்துவிட்டு, ஆள் பிடித்துப் படங்கைக் கட்டினார். அதுதான் சரியான வேலை என்று பிறகு வந்த மதிப்பீட்டாளர் சொன்னார். படங்குக்கும் கூலிக்கும் பில் இருந்தால் அதையும் கோரிக்கையில் சேர்த்திருக்கலாம் என்றும் சொன்னார். நாங்கள் பில் வாங்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்குப் பில் ஞாபகம் வரும்?

போட்டோ எடுங்கள், பிறகு மூடுங்கள், பில்லை வைத்திருங்கள், எரிந்த சாமானை மட்டும் வெளியே எறியாதீர்கள். முதல் போனிலேயே இந்த நான்கையும் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். உங்கள் தொலைபேசிப் பிரிவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

மதிப்பீட்டாளர் ஆறாம் நாள் வந்தார். சின்ன வயது. எரிந்த வீட்டு வாசலில் நின்று, பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றப் போனார். "போட்டுக்கொண்டே வாங்க தம்பி, உள்ளே ஆணி கிடக்குது" என்றேன். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தான் நிறுவனத்தின் ஊழியர் இல்லை, நிறுவனம் நியமிக்கும் லாஸ் அட்ஜஸ்டர், நடந்ததையும் பெறுமதியையும் பார்த்து அறிக்கை கொடுப்பதுதான் தன் வேலை என்று பொறுமையாக விளக்கினார். அளந்தார், எழுதினார், மகளின் எரிந்த மேசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். எரிந்த பிளக்குக்கும் வயருக்கும் பணம் வராது, அதிலிருந்து பரவிய தீயால் வந்த சேதத்துக்குத்தான் வரும் என்று அவர்தான் சொன்னார். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

பிறகு கடதாசி வேலை. தீயணைப்புப் படையின் அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், கட்டட வேலைக்கான விலை மதிப்பீடு, காணி உறுதி, அடையாள அட்டை. எரிந்த வீட்டுக்காரரிடம் எல்லோரும் கேட்பது எரிந்துபோன கடதாசியைத்தான். மகளின் சான்றிதழ்களுக்குப் பரீட்சைத் திணைக்களம், அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களம், பிறப்புப் பதிவுக்குப் பிரதேச செயலகம் என்று இரண்டு மாதம் அலைந்தோம். அதற்காக யாரையும் நோகவில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒழுங்காகத்தான் செய்து தந்தார்கள்.

காணி உறுதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுத வேண்டும். அதன் பிரதி வத்தளையில் தங்கச்சி வீட்டில் இருந்தது. 1983 ஜூலையில் அப்பாவின் கடை எரிந்தது. அந்தக் கிழமை கொழும்பில் எத்தனை தமிழர்களின் வீடும் கடையும் எரிந்தன என்று இதை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடையோடு கடதாசிகளும் போய்விட்டன. அதற்குப் பிறகு அம்மா எந்த முக்கியமான கடதாசிக்கும் ஒரு பிரதி எடுத்து வேறு ஒரு வீட்டில் கொடுத்து வைப்பார். எங்களையும் அப்படியே பழக்கினார். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதம் சாதாரணத் தீக் காப்புறுதிக்குள் வராது, அதற்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை எனக்கு ஒரு முகவரும் சொன்னதில்லை. 2023இல் பொலிசியை வரிவரியாக வாசித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அப்பாவின் கடையைக் கண்ணால் பார்த்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதையும் விற்கும்போதே சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இனி, இந்த மடலை நான் எழுதுவதற்கான காரணம்.

எங்கள் பொலிசியில் கட்டடத்தின் காப்புறுதித் தொகை 80 இலட்சம் ரூபாய். மேல்தட்டையும் கூரையையும் திரும்பக் கட்ட 70 இலட்சம் வேண்டும் என்று மதிப்பீட்டாளர் ஒத்துக்கொண்டார். 80 இலட்சத்துக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறோம், 70 இலட்சம் நட்டம், ஆகவே நாங்கள் ஏற்க வேண்டிய பங்கு கழிந்து மிச்சம் கையில் வரும் என்று நம்பியிருந்தோம். நீங்களும் எங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நம்பியிருப்பீர்கள். வந்த கடிதத்தில் 25 இலட்சத்து 20 ஆயிரம் என்று இருந்தது.

நான் ஒரு தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். என் கணவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஓர் அதிகாரி வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைக்கு முழு வீட்டையும் புதிதாகக் கட்டினால் 2 கோடி முடியும். நீங்கள் எடுத்திருப்பது 80 இலட்சத்துக்கு. அதாவது நூற்றுக்கு நாற்பது. ஆகவே எந்தச் சேதம் வந்தாலும் அதில் நூற்றுக்கு நாற்பதுதான் நாங்கள் தருவோம். 70 இலட்சத்தில் நாற்பது வீதம் 28 இலட்சம். அதில் உங்கள் பங்கு பத்து வீதம் கழிந்தால் 25 இலட்சத்து 20 ஆயிரம். இதற்கு அவரேஜ் நிபந்தனை என்று பெயர், பொலிசியில் இருக்கிறது, பாருங்கள்.

இருந்தது. சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரே வசனமாக ஐந்து வரிக்கு ஓடியது. அந்த வெள்ளைத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தில், ஒரு பேனையும் தாளும் வைத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்படி அந்த அதிகாரி சொல்லிக் கொடுத்தார். இவ்வளவு தெளிவாகச் சொல்லக்கூடிய விஷயத்தை 2018இல் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

அந்த நிபந்தனை அநியாயம் என்று நான் சொல்லவில்லை. வீட்டின் பாதிப் பெறுமதிக்கு மட்டும் கட்டுப்பணம் கட்டிவிட்டு முழுச் சேதத்தையும் கேட்டால், ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் பணத்திலிருந்துதான் அது போகும். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் நாங்கள் குறைத்துக் கட்டியவர்கள் இல்லை. அந்த 80 இலட்சம் எங்கள் வாயிலிருந்து வந்த எண்ணும் இல்லை. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் காணிக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று எழுதிய எண் அது. பழைய கட்டடத்தை விற்றால் என்ன வரும் என்று அவர் பார்த்தார். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட என்ன முடியும் என்று பார்க்கவில்லை. இரண்டும் இரண்டு கணக்கு. ஒரு மேசன் பாஸைக் கேட்டாலும் சொல்லுவார்.

அதற்குப் பிறகு 2022 வந்தது. அதுவரை பிடித்து வைத்திருந்த ரூபாயின் பெறுமதியை மார்ச்சில் அதன் போக்கில் விட்டுவிட்டார்கள். 200 ரூபாயைச் சுற்றி இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360க்குப் போனது. 1,000 ரூபாயை ஒட்டி இருந்த ஒரு பை சீமெந்து அதே ஆண்டில் 3,000 வரை போனது. கம்பி, வயர், தகடு, மாபிள் எல்லாம் அதே போக்கு. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். இது நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் எண்களைப் பார்ப்பதுதான் உங்கள் தொழில். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் எங்களுக்கு வந்த புதுப்பிக்கும் கடிதத்தில் காப்புறுதித் தொகை 80 இலட்சம் என்றே இருந்தது. 2019இலும் 80. 2021இலும் 80. நெருப்புக்கு மூன்று மாதம் முன்னால் 2023 பெப்ரவரியில் வந்ததிலும் 80. வங்கி எங்கள் கணக்கிலிருந்து கட்டுப்பணத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டது. நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

ஆண்டுக்கு 11,000 ரூபாய் கட்டினோம். 2 கோடிக்கு எடுத்திருந்தால் இன்னும் ஒரு 16,500 கூடியிருக்கும். மாதக் கணக்கில் பார்த்தால் 1,375 ரூபாய். எங்களிடம் கேட்டிருந்தால் கட்டியிருப்போம். எங்கள் வீட்டில் மூன்று பேர் உழைக்கிறோம். அந்த 1,375 ரூபாயை ஒருவரும் கேட்காமல் விட்டதால் இன்றைக்கு 45 இலட்சத்துக்குக் கிட்ட எங்கள் தலையில் நிற்கிறது. என் நகைகளும், கணவரின் சேமலாப நிதியும், தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய கடனும் அந்தக் கூரைக்குள்தான் போயிருக்கின்றன.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கும் கடிதத்தோடு இன்னொரு தாள் வையுங்கள். அதில் அந்த அதிகாரி போட்டுக் காட்டிய கணக்கு இருக்கட்டும். இந்த அளவு வீட்டை இன்றைக்குக் கட்ட ஒரு சதுர அடிக்கு இவ்வளவு போகிறது, ஆகவே உங்கள் வீட்டுக்கு இவ்வளவு, நீங்கள் எடுத்திருப்பது இவ்வளவு, 10 இலட்சத்துக்குச் சேதம் வந்தால் உங்கள் கைக்கு வருவது இவ்வளவு, முழுவதுக்கும் எடுத்தால் கூடக் கட்ட வேண்டியது இவ்வளவு. கீழே ஒரு கையெழுத்து. அதைப் பார்த்துவிட்டும் ஒருவர் 80 இலட்சமே போதும் என்றால் அது அவர் முடிவு. ஆணைக்குழுவிடம் நான் கேட்பது, இந்தத் தாளை நிறுவனங்களின் நல்ல மனதுக்கு விடாமல் கட்டாயமாக்குங்கள் என்பதே.

அந்தத் தாள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருக்கிறோம். நெருப்புப் பிடித்த இரவு மூன்று வீட்டிலிருந்தும் எங்களுக்குச் சாப்பாடு வந்தது. மூன்று வீட்டிலும் பொலிசி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. விளம்பரம் மட்டும் மூன்று மொழியிலும் அழகாகச் செய்கிறீர்கள். நிபந்தனைகளையும் அப்படிச் செய்ய உங்களால் முடியும்.

வங்கிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடனுக்காக நீங்கள் எடுக்க வைக்கும் காப்புறுதி கட்டடத்துக்கு மட்டும்தான். வீட்டுக்குள் இருக்கும் கட்டில், அலுமாரி, தையல் மெஷின், குளிர்சாதனப் பெட்டி, பிள்ளைகளின் புத்தகம் ஒன்றும் அதில் இல்லை. இழப்பீட்டுப் பணமும் முதலில் உங்களிடம்தான் வரும், ஏனென்றால் வீடு உங்களுக்கு ஈடு. இது இரண்டும் எங்களுக்குத் தெரியாது. எங்கள் வங்கி மேலாளர் அம்மா நல்லவர். தலைமை அலுவலகத்தோடு கதைத்து, பணத்தைக் கடனில் கழிக்காமல், வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாக விடுவித்தார். அவர் இல்லாமல் வேறொருவர் இருந்திருந்தால்? கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அன்றைக்கு இதைச் சொல்ல என்ன தடை? வீட்டுச் சாமானுக்கும் வேண்டுமா, வீடு இருக்க முடியாமல் போனால் வாடகைக்கும் வேண்டுமா என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். எட்டு மாதம் நாங்கள் புளூமெண்டல் வீதிப் பக்கம் இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக் கடனும் வாடகையும் ஒரே மாதத்தில் கட்டினோம்.

கடைசியில் ஒரு படிவம் தந்தார்கள். இத்தோடு முழுக் கோரிக்கையும் தீர்ந்தது, இனி ஒன்றும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். வாடகையும் கடனும் கழுத்தை நெரிக்கும்போது மனிதர்கள் அதில் எப்படிக் கையெழுத்து வைக்கிறார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். நானும் வைத்தேன். காப்புறுதி பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் முறையிட ஒரு சதமும் கட்ட வேண்டாம் என்பது வைத்த பிறகுதான் தெரிந்தது. அவருடைய விலாசத்தை அந்தப் படிவத்தின் தலையிலேயே, பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். யோசித்துவிட்டு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போக இரண்டு கிழமை கொடுங்கள்.

எங்களுக்காவது ஒரு பொலிசி இருந்தது, உறுதி இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, தொட்டலங்கவில் கஜிமாவத்தை. 2022 செப்டெம்பரில் ஒரே இரவில் அங்கே பலகை வீடுகள் வரிசையாக எரிந்தன. கையில் ஒரு துண்டுக் காணிக் கடதாசியும் இல்லாதவர்களுக்கு எந்த நிறுவனம் காப்புறுதி கொடுக்கும்? அவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதை ஆணைக்குழுவும் அரசாங்கமும்தான் யோசிக்க வேண்டும். அந்தப் பெண்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகளோடு இருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கும் இப்படி நடக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

இப்போது மேல்தட்டு கட்டி முடிந்துவிட்டது. பலகைக்குப் பதிலாகக் கொங்கிரீட் போட்டோம். வயரிங்கை முழுவதும் மாற்றி, ட்ரிப் சுவிட்ச் வைத்திருக்கிறோம். மகள் இரவில் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, நான் படுத்த பிறகு திரும்ப ஒருமுறை எழும்பிப் பார்க்கிறாள்.

வேலை முடிந்த கையோடு, 2024 பெப்ரவரியில் புதுப்பிக்கும் கடிதம் வந்தது. காப்புறுதித் தொகை 80 இலட்சம் என்றே இருந்தது. போன் எடுத்து 2 கோடி 20 இலட்சமாக மாற்றச் சொன்னேன். வீட்டுச் சாமானையும் வாடகையையும் கலவரத்தையும் சேர்க்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் முடிந்தது.

பக்கத்து வீட்டு அக்காவின் கடிதத்தையும் வாங்கிப் பார்த்தேன். அவர் உங்களில் இன்னொரு நிறுவனத்தில் எடுத்திருக்கிறார். 2016இல் போட்ட தொகைதான் இன்னும் இருக்கிறது. அவருடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் சுவர் ஒன்று. நான் சொல்லிவிட்டேன், அவரும் மாற்றிக்கொள்வார். மற்ற வீடுகளுக்கு நீங்கள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து
ஒரு காப்புறுதிதாரர்